சோறு சக்தியாவது எப்படி? புழுங்கல் அரிசி தந்த பாடம்



நம்மில் பலர் அரிசி விற்றுப் பிழைப்பவர்கள். விற்காதவர்களும் நாள் தவறாமல் அரிசி உண்பவர்கள். மூட்டையின் எடை, மணியின் நீளம், பழசா புதுசா, உதிரியாக வருமா குழையுமா என்பதெல்லாம் நமக்கு விரல் நுனியில் உண்டு. ஆனால் அதே அரிசி சோறாகி வயிற்றுக்குள் போன பிறகு, கை மூட்டை தூக்குவதற்கும் கால் நடப்பதற்கும் நெஞ்சு துடிப்பதற்கும் வேண்டிய சக்தியாக எப்படி மாறுகிறது என்று கேட்டால், "செரித்துச் சத்தாகிறது" என்று சொல்லி நிறுத்திவிடுவோம். அந்தப் பதில் போதாது.

போதாது என்பதற்குச் சாட்சி இந்த நாட்டிலேயே இருக்கிறது. வயிறு நிறையச் சோறு உண்டும் சக்தியில்லாமல், கால் மரத்து, உடல் வீங்கி, நெஞ்சு தளர்ந்து ஆயிரக்கணக்கானோர் மலாயாவில் மாண்டார்கள். அவர்கள் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். தட்டில் சோறு இருந்தது. அந்தச் சோற்றைச் சக்தியாக்கும் இம்மியளவுப் பொருள் ஒன்றுதான் இல்லை. அஃது இன்னதென்று அறிவதற்கான வழியில் பெரும் பகுதி கோலாலம்பூரிலும் நெகிரி செம்பிலானிலும் நடந்து முடிந்தது. நம்மவர் உண்ட புழுங்கல் அரிசிக்கும் அதில் பங்குண்டு. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தவிர வேறு படிப்பில்லாத நாமே படித்துப் புரிந்துகொண்டோம் என்றால், வாசகர்களுக்கு இது கடினமாக இராது.

முதலில் உயிரணுவைப் பார்ப்போம். நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான் என்றாலும், ஒவ்வொன்றும் தனித்தனிக் கடை போலத் தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. கடையில் வியாபாரம் இல்லாத நாளிலும் வாடகையும் விளக்குச் செலவும் உண்டல்லவா? அதுபோல நாம் அயர்ந்து தூங்கும்போதும் உயிரணுவுக்குச் செலவு உண்டு. உள்ளே கசியும் சோடியத்தை வெளியே இறைத்து, பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்த இறைப்பு நின்றால் நரம்பில் செய்தி ஓடாது. நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் மூளை; ஆயினும், ஓய்வாக இருக்கையில் உடல் செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்வதற்கு இது முக்கியமான காரணம்.

இந்தச் செலவையெல்லாம் உயிரணு எந்த நாணயத்தில் கொடுக்கிறது? சோற்றிலோ சர்க்கரையிலோ நெய்யிலோ நேரடியாகக் கொடுப்பதில்லை. கிட்டங்கியில் நூறு மூட்டை இருந்தாலும் கூலிக்காரருக்கு ரொக்கம்தான் கொடுக்கவேண்டும். உயிரணுவின் ரொக்கத்துக்கு அடினோசின் டிரைபாஸ்பேட் என்று பெயர், சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். பாஸ்பேட் மூன்று கோத்த சிறு பொருள் அது. கடைசிப் பாஸ்பேட் கழலும்போது கிடைக்கும் சக்தியில் வேலை நடக்கிறது. கழன்றதைத் திரும்ப மாட்டினால் ரொக்கம் மறுபடி தயார்.

இதில் வணிகர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. எந்த நேரத்திலும் நம் உடம்பு முழுவதிலும் இருக்கும் ஏ.டி.பி. கால் கிலோவுக்கும் குறைவே. ஆனால் ஒரு நாளில் நாம் செலவழித்து மறுபடி உண்டாக்கும் ஏ.டி.பி.யைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய நம் உடல் எடையளவுக்கு வரும். அதாவது, அதே கொஞ்சப் பணம் ஒரு நாளில் பல நூறு தடவை கைமாறுகிறது. உயிரணு ரொக்கத்தைச் சேர்த்து வைப்பதில்லை. சுழற்சியில்தான் உயிர் நடக்கிறது. சுழற்சி சில நிமிடம் தடைப்பட்டால் மூளை தாங்காது. மூச்சு முட்டினால் ஆள் சாய்வது இதனால்தான்.

ஏ.டி.பி.யை 1929-இல் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்ட அதே காலத்தில், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் பிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியே அதனைக் கண்டார்கள். சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் ஒரு படி குறைந்த பட்டத்தோடு வெளியேறினார். 1923-இல் பாஸ்டன் சேர்ந்தபோது, பிழைப்புக்காக இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலையும் பார்த்தார். பின்னாளில் யானைக்கால் நோய்க்கு மருந்தும், போலிக் அமிலம் என்ற ஜீவசத்தைச் செய்யும் முறையும் அவர் தலைமையில் வெளிவந்தன. 1948-இல் மறைந்தார். நம் மாணவர்கள் பெயர் அறிந்துவைக்க வேண்டிய மனிதர்.

இனி, சோறு இந்த ரொக்கமாவது எப்படி என்று பார்ப்போம். சோற்றிலுள்ள மாவுப்பொருள் குடலில் உடைந்து குளுகோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. சுகமாயிருக்கும் ஒருவர் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுகோஸ் ஒரு தேக்கரண்டி அளவுதான், ஏறத்தாழ 5 கிராம். மிச்சத்தை ஈரலும் தசையும் வாங்கிச் சேமிக்கின்றன. ஈரலில் ஏறக்குறைய 100 கிராம் தங்கும். நோன்பு நாளில் ஸஹருக்குப் பிறகு மாலை வரை நம்மை நடத்துவது பெரும்பாலும் இந்த ஈரல் சேமிப்பும், நேரம் ஏற ஏற உடலிலுள்ள கொழுப்பும்தான். கொழுப்போ கிலோக்கணக்கில் இருக்கிறது, வாரக்கணக்கில் தாங்கும். எரிபொருளுக்கு உடம்பில் பஞ்சம் எளிதில் வராது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரணுவுக்குள் புகுந்த குளுகோஸ் முதற்கட்டமாகப் பத்துப் படிகளில் உடைந்து இரண்டு துண்டாகிறது. அந்தத் துண்டுக்குப் பைருவிக் அமிலம் என்று பெயர். இதற்குப் பிராணவாயு தேவையில்லை. ஆனால் லாபம் அற்பம்: ஒரு குளுகோஸுக்கு இரண்டே ஏ.டி.பி. ரொட்டிக் கடையில் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட், காற்றில்லாத இடத்தில் இந்த இரண்டை வைத்தே காலம் தள்ளுகிறது. அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஓடி ஏறும்போது நம் தொடைத் தசையும் சற்று நேரம் இவ்வாறே சமாளித்து, லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அவசரக் கைமாற்று அது. அதை வைத்து நாளெல்லாம் குடும்பம் நடத்த முடியாது.

பெரிய லாபம் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் உள்ளன. தமிழ் நூல்களில் இழைமணி என்று எழுதுகிறார்கள். இதயத் தசையின் அணு ஒன்றில் இவை ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும். பைருவிக் அமிலம் இந்த உலைக்குள் போகிறது. உட்புகுந்ததும் ஒரு வாயிலைக் கடக்கவேண்டும். அங்கே அதிலிருந்து ஒரு கரி அணு கழன்று கரியமிலவாயுவாகப் போகிறது. எஞ்சியதுதான் மேலே செல்லத் தகுதி பெறுகிறது. இந்த வாயிலை மறவாதீர்கள். நம் பாடம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வாயிலைக் கடந்தது ஒரு சக்கரத்தில் ஏறிச் சுற்றுகிறது. ஹான்ஸ் கிரெப்ஸ் என்பவர் 1937-இல் கண்டதால் கிரெப்ஸ் சக்கரம் என்று பெயர். அவர் எழுதியனுப்பியதை 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற விஞ்ஞான ஏடு இடமில்லையென்று திருப்பிவிட்டது. 1953-இல் அதே வேலைக்கு நோபல் பரிசு கிடைத்தது! இந்தச் சக்கரம் சுற்றச் சுற்ற, உணவிலிருந்த கரி முழுவதும் கரியமிலவாயுவாகி மூச்சில் வெளியேறுகிறது; ஹைட்ரஜன் தனியே எடுக்கப்படுகிறது. அந்த ஹைட்ரஜனின் மின் துகள்கள் படிப்படியாக இறங்கி வந்து, கடைசியில் நாம் மூச்சில் இழுத்த பிராணவாயுவோடு சேர்ந்து நீராகின்றன. நாம் மூச்சு வாங்குவதே இந்தக் கடைசிப் படிக்காகத்தான்.

அவை இறங்கும்போது கிடைக்கும் சக்தி நேரே ஏ.டி.பி.யாவதில்லை. திரங்கானுவின் கென்யீர் அணையில் தண்ணீரைத் தேக்கி, ஒரு வழியாக விட்டு, உருளையைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள் அல்லவா? அவ்வாறே இழைமணியின் உட்சவ்வுக்கு ஒரு பக்கம் ஹைட்ரஜன் அயனிகள் தேங்குகின்றன. திரும்பி வர அவற்றுக்கு முக்கிய வழி, சவ்வில் பதிந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு உருளை. அவை அதன் வழியே பாயும்போது உருளை வினாடிக்கு நூறு சுற்றுக்கு மேல் சுழன்று ஏ.டி.பி.யை வார்த்துத் தள்ளுகிறது. இப்படித்தான் இருக்கவேண்டும் என்று 1961-இல் பீட்டர் மிட்சல் எழுதியபோது நம்பியவர்கள் சிலரே. அவருக்கு 1978-இல் நோபல் பரிசு வந்தது. அந்த உருளையின் அமைப்பையும் வேலையையும் விளக்கிய பால் போயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997-இல் வந்தது.

கணக்கைப் பாருங்கள். முதற்கட்டத்தோடு நின்றால் ஒரு குளுகோஸுக்கு ஏ.டி.பி. இரண்டு. வாயிலைக் கடந்து கடைசி வரை போனால் ஏறக்குறைய முப்பது. வாயில் அடைபட்டால் அதே சோற்றுக்கு இந்த வித்தியாசம்.

இனி மலாயாவின் கதைக்கு வருவோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்ற நோய் வாரிக்கொண்டு போயிற்று. பாதம் மரக்கும், கெண்டைக்கால் வலிக்கும், நடை தடுமாறும். சிலருக்குக் கால் வீங்கி, வீக்கம் மேலேறி, நெஞ்சு படபடத்துத் திடீரென்று உயிர் போகும். ஆஸ்பத்திரிகளும் சிறைச்சாலைகளும் இந்த நோயாளிகளால் நிறைந்தன. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவர் ஹாமில்டன் ரைட், இது கிருமியால் வருவது, இடத்தைப் பற்றிப் பரவுவது என்றார். இடத்தைக் கழுவினார்கள், ஆட்களை மாற்றினார்கள், நோய் போகவில்லை.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊரில் ஒரே வெயிலில் உழைத்தும் தமிழருக்கு இந்த நோய் அரிதாகவே வந்தது. கம்பத்தில் தம் நெல்லைத் தாமே உரலில் குத்தி உண்ட மலாய்க்காரருக்கும் அரிது. சீனருக்கு மட்டும் ஏன் இவ்வளவு? மூவர் தட்டிலும் அரிசிதான். ஆனால் ஒரே அரிசி அல்ல. சீனர் உண்டது சியாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல். பிராடன் 1907-இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். நோக்கு சரி, காரணம் சொன்னதில் தவறிவிட்டார். தீட்டிய அரிசி கிடங்கில் கிடந்து பழசாகும்போது அதில் ஒருவித நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கொள்கை.

கோலாலம்பூரில் வில்லியம் பிளெட்சர் என்ற வைத்தியர் இதைச் சோதித்துப் பார்க்க முற்பட்டார். இடம், மனநோயாளர் விடுதி. 1905-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குள்ளோரை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணில் வந்தவர்களுக்கு முன்போலவே சியாம் வெள்ளை அரிசி; இரட்டைப்படையில் வந்தவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி; மற்ற உணவெல்லாம் இருசாராருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிந்தபோது வெள்ளை அரிசிக்காரரில் பலர் பெரிபெரி கண்டு, அவர்களில் இறந்தவர்களும் இருந்தார்கள். புழுங்கல் உண்டவர்களில் புதிதாக எவருக்கும் வரவில்லை. தங்கள் சம்மதத்தைச் சொல்லவும் இயலாத மனிதர்களை வைத்துச் செய்த சோதனை இது. இன்றைய முறைப்படி அனுமதி கிடைத்திராது. அவர்கள் பெயர்களை யாரும் குறித்துவைத்துப் போற்றவில்லை. ஆயினும் நாம் அறிந்துகொண்டது அவர்கள் உடம்பைக் கொண்டுதான்.

அடுத்து, ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் 1907-இல் நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸ் என்ற காட்டுப் பகுதிக்குப் போனார்கள். அங்கே சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர் ஏறக்குறைய 300 பேர். ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, மற்றொரு கூட்டத்துக்குப் புழுங்கல். சில மாதங்களில் வெள்ளை அரிசிக் கூட்டத்தில் பெரிபெரி தலைகாட்டியது, மற்றதில் இல்லை. பிறகு அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் அரிசியைப் பின்தொடர்ந்து இடம் மாறியது! கிருமிக் கொள்கைக்கும் இடக் கொள்கைக்கும் அத்தோடு ஆதாரமில்லாமல் போயிற்று. பின்னர் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தவிட்டில் உள்ள ஏதோ ஒன்று தீட்டும்போது போய்விடுவதே காரணம் என்று நிலைநாட்டினார்கள். ஆகவே நஞ்சு சேர்ந்ததால் வந்த நோய் அல்ல. சத்து குறைந்ததால் வந்த நோய். 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு வைத்தியர் மாநாடு, தீட்டிய வெள்ளை அரிசியையே தொடர்ந்து உண்பதோடு பெரிபெரிக்குச் சம்பந்தம் உண்டென்று தீர்மானம் போட்டது.

ஜாவாவிலும் இதற்கு முன்பே ஒரு வேடிக்கை நடந்திருந்தது. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், எய்க்மன் என்ற டச்சு வைத்தியர் வளர்த்த கோழிகளுக்குக் கால் விழுந்துபோயிற்று. சில மாதம் கழித்துத் தாமாகவே நலமாயின. விசாரித்தால், ஆஸ்பத்திரிச் சமையற்காரர் மிச்சமான வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டுவந்திருக்கிறார். அவருக்குப் பின் வந்தவர், பட்டாளத்து அரிசியைச் சிவில் கோழிக்குப் போட முடியாது என்று மறுத்துவிட, கோழிகளுக்குத் தீட்டாத மட்ட அரிசி கிடைத்திருக்கிறது. அந்தக் கண்டிப்பான சமையற்காரரால் எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசில் பாதி வந்தது என்று சொன்னால் தவறில்லை. அதே பத்தாவியாவில் 1926-இல் ஜான்சனும் டொனாத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் தயமின் என்னும் பி1 ஜீவசத்து.

தயமின் உயிரணுவில் என்ன செய்கிறது? நாம் மறக்கவேண்டாம் என்று சொன்ன வாயிலுக்குச் சாவி அதுதான். ஏ.டி.பி.யைக் கண்ட அதே கார்ல் லோமன் 1937-இல், தயமினோடு இரண்டு பாஸ்பேட் சேர்ந்த பொருளே அந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். ஆக்ஸ்போர்டில் பீட்டர்ஸ் என்பவர் தீட்டிய அரிசி மட்டும் தின்று நோயுற்ற புறாக்களின் மூளைத் திசுவை எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்துப் பார்த்தார். அது பிராணவாயுவைக் குறைவாகவே வாங்கியது. பைருவிக் அமிலம் கடக்க முடியாமல் தேங்கிக் கிடந்தது. ஒரு துளி பி1-ஐ அந்தக் கலத்தில் விட்டவுடன் திசு பழையபடி பிராணவாயுவை வாங்கத் தொடங்கியது.

இப்போது பெரிபெரியின் குணங்கள் தாமே விளங்கும். நரம்பும் மூளையும் பெரும்பாலும் குளுகோஸை நம்பி வாழ்பவை. வாயில் அடைபட்டால் முதலில் வாடுவது அவையே. ஆகவே பாதம் மரக்கிறது. இதயம் ஒரு கணமும் ஓயாத தசை. ரொக்கம் குறைந்தால் அது தளர்ந்து, நீர் தேங்கி, கால் வீங்குகிறது. கொழுப்பு இந்த வாயில் வழியாக வருவதில்லை. வேறு வழியாக நேரே சக்கரத்துக்குப் போகிறது. ஆனால் சக்கரத்துக்குள்ளேயும் ஒரு படிக்குத் தயமின் வேண்டும் என்பதால் அதுவும் முழுத் தப்பிப்பு அல்ல. சோறு மிகுதியாக உண்ண உண்ணத் தயமினின் தேவையும் மிகுகிறது. கறியும் பருப்பும் இல்லாமல் சோற்றையே குவித்து உண்ட சுரங்கக் கூலியாளுக்கு, அந்தச் சோறே கடனை ஏற்றிக்கொண்டு போயிற்று.

வளர்ந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய தயமின் 1.2 மில்லிகிராம். உடலில் இருப்பு மொத்தம் 30 மில்லிகிராம் அளவுதான். வரவு நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். கொழுப்பு கிலோக்கணக்கில் இருக்கிறது என்று முன்னே சொன்னோமே, அதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

புழுங்கல் ஏன் காத்தது? நெல்லின் தயமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சரிசியாகத் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் அந்தச் சத்து வெளித்தோலிலிருந்து உள்மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஒரு பங்கு நிற்கிறது. நம் முன்னோர் ஜீவசத்தை அறிந்து நெல்லை அவித்தார்கள் என்று பெருமை பேச நாம் விரும்பவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, நாட்பட இருக்கும், பூச்சி குறைவு. அதற்காகச் செய்தார்கள், உயிரும் பிழைத்தது.

பாடம் தெரிந்த பிறகும் துன்பம் வந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அரிசி அரிதாகி மரவள்ளிக்கிழங்கே உணவானபோது பெரிபெரி மறுபடி பரவியது. சாங்கிச் சிறை முகாமில் வைத்தியர்கள் தவிட்டைத் தேடித் தேடிக் கைதிகளுக்குக் கொடுத்தார்கள். சியாம்-பர்மா இரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்தத் தவிடும் கிடைக்கவில்லை. காலராவும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொன்ற கூட்டத்தில் பெரிபெரியும் சேர்ந்து கொன்றது. புழுங்கல் அரிசியால் ஒரு தலைமுறைக்கு முன் தப்பிய அதே மக்கள்.

இன்று நம் கடைகளில் என்ன நடக்கிறது? வாடிக்கையாளர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்து, "இன்னும் வெள்ளையாக இல்லையா?" என்றுதான் கேட்கிறார். புழுங்கலில் மஞ்சள் நிறமும் வாடையும் இருக்கிறதென்று இளையவர்கள் தொடுவதில்லை. வியாபாரி கேட்டதைத்தான் கொடுக்க முடியும், அதில் குற்றமில்லை. பருப்பும் மீனும் முட்டையும் காய்கறியும் தாராளமாக உண்ணும் வீட்டில் வெள்ளை அரிசியால் பெரிபெரி வந்துவிடாது. நாம் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை.

நமக்குக் கவலை வேறிடத்தில். நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்தவர்களும் அயல்நாட்டுக்காரர்களும், கடையிலேயே அல்லது கடை மாடியிலேயே பொங்கி உண்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்பவேண்டுமென்று கறிக்குச் செலவழிப்பதில்லை. குவியலாக வெள்ளைச் சோறு, மேலே மீந்த சால்னா, இடையிடையே சீனி கொட்டிய தேநீர், பிறகு பன்னிரண்டு மணி நேரம் நின்ற நிலையில் வேலை. சுரங்கக் கூலியாளின் தட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கடையின் பொது உலையில் புழுங்கல் அரிசி போடுவதற்கு முதலாளிக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. வாரத்தில் நாலு நாள் பச்சைப்பயறோ கடலையோ சேர்த்தால் இன்னும் நல்லது. ஜாவாவில் 1902 வாக்கிலேயே பச்சைப்பயறு கொடுத்துப் பெரிபெரியைத் தடுத்த அனுபவம் உண்டு. நம் நோன்புக் கஞ்சியில் பாசிப்பருப்பு சேர்ப்பது அந்த வகையில் அருமையான வழக்கம். ரமலானோடு அதை நிறுத்திவிடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சமையற்காரருக்கும் இரண்டு சொல். தயமின் நீரில் கரைவது. அரிசியை ஏழு தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலும், கஞ்சியை வடித்துச் சாக்கடையில் ஊற்றினாலும், இருந்த கொஞ்சமும் போய்விடும். கொண்டைக்கடலை சீக்கிரம் வேகவேண்டுமென்று சமையல் சோடா போடுகிறார்களே, அந்தச் சோடா தயமினை அழித்துவிடும். இரவே ஊறவைத்தால் சோடா வேண்டாம். கடுந்தேயிலையும் வெற்றிலைப் பாக்கும் அளவு மீறினால் உண்ட தயமினையே பயனற்றதாக்கும். அதிகம் பழகியவர்கள் உணவோடு சேர்க்காமல் இடைவெளி விடுவது நல்லது.

நம் வயதையொத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இதயக் கோளாறுக்காக நீர் பிரியும் மாத்திரையை நெடுநாளாகச் சாப்பிடுபவர்கள், சிறுநீரகத்துக்காக இரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்கள், நாட்கணக்காக வாந்தியால் வாடும் கர்ப்பிணிகள், இவர்களுக்கெல்லாம் தயமின் குறைவு ஏற்பட இடமுண்டு. பாதம் மரப்பது சர்க்கரை வியாதியாலும் வரும். கால் வீங்குவது இதயத்தாலும் சிறுநீரகத்தாலும் வரும். ஆகையால் எந்தக் காரணம் என்று கடையில் உட்கார்ந்து நாமே தீர்மானிக்க முடியாது. கூட வேலை செய்யும் பிள்ளை கால் மரக்கிறது, மாடியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், தைலம் தேய்த்துப் படு என்று சொல்லாமல் அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள். அவன் என்ன உண்கிறான் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்கள் அதைக் கேட்க மறப்பதுண்டு. பெரிபெரியால் தளர்ந்த இதயமாயிருந்தால், தயமின் ஊசி போட்ட சில மணி நேரத்திலேயே துடிப்பு சீராகத் தொடங்கி, சில நாளில் வீக்கம் வடிந்துவிடும். நரம்பு தேறுவதற்கு மட்டும் வாரங்களும் மாதங்களும் ஆகும்.